டுமித்ரு தந்த கோப்பை

1

நோர்வே வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி ஊர்த் திருவிழா மலருக்குக் கேட்டிருக்கிறார்கள். பனியைப் பற்றி எழுதினால் உங்களுக்குப் புதிதாக இராது. எல்லாரும் படம் அனுப்பி அனுப்பிப் பனி மலிந்துவிட்டது. ஆகவே இந்த ஒக்ரோபரில் எங்கள் மாடியில் ஒரு கோப்பையால் வந்த சங்கடத்தையும் அது தீர்ந்த விதத்தையும் எழுதுகிறேன்.

நாங்கள் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மனைவி ஜெசிந்தாவுக்குச் சிறுவர் பள்ளியில் வேலை. மகள் அனிற்றா இங்கே பிறந்தவள், மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு டுமித்ருவுடையது. ருமேனியாக்காரர், குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவர். மனைவி மரியானாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் அவரோடு இருக்கிறார்கள்.

எனக்கு ஆட்களோடு பழகுவது சிரமம். லிப்டுக்குள் யாராவது நின்றால் அடுத்ததில் போகலாம் என்று காத்திருப்பேன். டுமித்ருவும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு, லிப்ட் வெறுமையாகக் கீழே போன நாட்கள் உண்டு. அப்படித்தான் பழக்கமானோம்.

நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். நோர்வேக்காரர் பக்கத்தில் நின்றால் அது எந்த மொழி என்று கேட்பார்கள். எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கும். அந்த மொழியில் எல்லாருக்கும் "நீ"தான். ஆனால் அவருடைய பேச்சை இங்கே தமிழில் எழுதும்போது எனக்கு "நீங்கள்" என்றுதான் கை போகிறது. அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாரியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைந்தது. அவசர மருத்துவ நிலையத்துக்குக் காரில் ஏற்றிப் போனவர் அவர்தான். பிறகு சுகவீன விடுப்புப் பற்றி ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால் இயந்திரம் கதைக்கும். "எதற்காக அழைக்கிறீர்கள், சில சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்கும். நான் சொன்னேன், அதற்கு விளங்கவில்லை. டுமித்ரு என் கையிலிருந்து போனை வாங்கி, "கை! கை! உடைஞ்ச கை!" என்று கத்தினார். எங்களைப் பிள்ளைப்பேற்று உதவிப் பணப் பகுதிக்கு இணைத்துவிட்டது. அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, பொறுமையாக எல்லாவற்றையும் செய்து தந்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

2

இந்த நாட்டில் டூக்னாட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் ஒரு நாள் கூடி, சம்பளமில்லாமல், முற்றம் கூட்டிக் குப்பை அள்ளுவது. எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முன் கோயில் வளவு துப்புரவாக்குவோமே, அதுபோல. முடிவில் கோப்பியும் இந்த நாட்டு அப்பமும் தருவார்கள்.

இலையுதிர்கால டூக்னாட்டில் எனக்கும் டுமித்ருவுக்கும் ஒரே மூலை கிடைத்தது. இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றோம். அவருடைய பெயர் எங்கள் கிறிஸ்தவ வேதத்துப் பெயரா என்று கேட்டேன். பெயரைப் பற்றிக் கேட்டதும் கூச்சம் போய், மனிதன் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"எங்கடை ஊரிலை டுமித்ரு எண்டு கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும்," என்றார். "என்ரை அப்பா டுமித்ரு. அவற்றை அப்பாவும் டுமித்ரு. அது ஒரு அர்ச்சியசிஷ்டவரின்ரை பேர், போர்வீரராயிருந்த புனிதர். சிவப்புக் குதிரையிலை இருப்பார். அவற்றை திருநாள் இந்த மாசம் இருபத்தாறு. அண்டைக்கு அவர் கோடையைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போயிடுவார் எண்டு எங்கடை சனம் சொல்லும்."

"இஞ்சை ஓகஸ்ட் முடியவே பூட்டிப்போட்டாரே!"

"அது நோர்வேப் பூட்டு. வேறை ஆள்."

பிறகு அந்தப் பெயரோடு பேர் எடுத்தவர்களைச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் நாட்டிலிருந்து முதன்முதலாக விண்வெளிக்குப் போனவர் ஒரு டுமித்ரு. உலகத்தைக் கால்நடையாகவே சுற்றினார் என்று சொல்லப்படுகிற ஒருவர், அவரும் டுமித்ருவாம். பழங்காலத்தில் பல மொழி படித்து, நூல் எழுதி, இசையும் அமைத்த ஓர் இளவரசர் இருந்தாராம். அவருடையது இதே பெயரின் இன்னொரு வடிவம். மதநூல் எழுதிய குருவானவர், பந்து அடித்தவர்கள் என்று நீண்டுகொண்டே போனது.

"ஒருத்தன் வானத்துக்குப் போனான். ஒருத்தன் உலகத்தைச் சுத்தினான். நான் அம்மருட்டிலை இலை கூட்டுறன்," என்றார்.

"நீங்கள் ஓடு பதிக்கிறியள்தானே. அவையும் குளிக்கோணுமே," என்றேன்.

அவர் சிரித்த சத்தத்துக்கு, கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற நோர்வேக் கிழவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்ன பகிடிக்கு ஒருவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம்.

திருநாளன்று அந்தப் பெயர்க்காரன்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் ஆட்களும் பெயர்கொண்ட அர்ச்சியசிஷ்டவரின் திருநாளைக் கொண்டாடுகிறவர்கள்தானே. என் பெயருக்குரிய சூசையப்பர் திருநாளுக்கு என் அம்மா எனக்காகப் பலகாரம் சுட்டு அயலுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

3

திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். டுமித்ரு நின்றார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. கையில் குழிவான பீங்கான் கோப்பை, விளிம்பில் நீலக்கோடு. அதற்குள் அவித்த கோதுமையும் சீனியும் அக்ரூட் பருப்பும் சேர்த்துக் குழைத்த ஒரு இனிப்பு. மேலே கொக்கோத்தூளால் சிலுவை போட்டு, மெல்லிய மெழுகுதிரி ஒன்று குத்தியிருந்தது. கோப்பைக்குக் கீழே புதுத் துவாய் ஒன்று.

"இது உங்களுக்கு. எடுங்கோ," என்றார்.

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு முகம் சிவந்திருந்தது. கூச்சம் என்று நினைத்தேன். "மிக்க நன்றி" என்று இந்த நாட்டு முறைப்படி பலமுறை சொல்லி வாங்கினேன்.

ஜெசிந்தா பார்த்தாள். சிலுவை, மெழுகுதிரி, இனிப்பு.

"பேர்த் திருநாள் பலகாரம். மெழுகுதிரியும் வைச்சுக் குடுத்திருக்கிறார் பாருங்கோ, பேர்த்டே கேக்குக்கு வைக்கிற மாதிரி," என்றாள்.

நல்ல ருசி. மூன்று பேரும் சேர்ந்து முடித்தோம். கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தோம். இனி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அயலார் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறதா? ஜெசிந்தா வேலையால் வந்து, பயறு வறுத்து இடித்து, பயத்தம் பணியாரம் சுட்டாள். இருபத்தாறாம் திகதி பின்னேரம் கோப்பை நிறைய அடுக்கினாள். அனிற்றா ஒரு அட்டையில் பலூன்கள் கீறி, "இனிய வாழ்த்துகள்" என்று நோர்வேஜிய மொழியில் எழுதி மேலே செருகினாள். நான் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.

டுமித்ரு கதவைத் திறந்தார். கோப்பையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"உங்கடை கோப்பை. வாழ்த்துகள்," என்றேன்.

அவர் வாங்கினார். வாங்கிய கை கொஞ்சம் தாழ்ந்தது. கதவைச் சாத்தினார்.

4

அதன் பிறகு டுமித்ரு என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். லிப்டில் ஒன்றாகப் போனாலும் இலக்கங்கள் மாறுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பணியாரம் பழுதாகிவிட்டதோ, அட்டையில் ஏதும் பிழையாக எழுதிவிட்டோமோ என்று எனக்குள் ஓடியது. அவரைக் கேட்க வாய் வரவில்லை. இந்த நாட்டில் வேலையும் வீடும் எனக்குச் சட்டம் தந்தது. தானாகக் கிடைத்தது இந்த ஒரு மனிதனின் பழக்கம். அது போய்விடுமோ என்று பயந்தேன்.

கட்டடத்தின் அடியில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. அங்கே ஜெசிந்தா மரியானாவைக் கண்டு, பணியாரம் எப்படி இருந்தது என்று சும்மா கேட்டிருக்கிறாள். ஈர உடுப்புகளை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடிவந்தாள்.

"இஞ்சை பாருங்கோப்பா! நாங்கள் செய்து வைச்ச வேலை தெரியுமோ?"

"என்ன?"

"அது பேர்த் திருநாள் பலகாரம் இல்லை. அந்தச் சனிக்கிழமை அவைக்குச் செத்த ஆத்துமாக்களின்ரை நாளாம். அந்தாளின்ரை தேப்பன் கோடையிலை செத்துப்போனாராம்."

"கோடையிலையோ? அவர் ஊருக்குப் போனது லீவுக்கெல்லோ?"

"லீவுக்கில்லை, அடக்கத்துக்கு. நீங்கள்தானே 'நல்ல கோடை' எண்டு சொல்லி வழியனுப்பினனீங்கள்!"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். அவர்கள் வழக்கத்தில், இறந்தவருக்காகச் சாப்பாடு கொடுக்கும்போது பாத்திரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் அதில் சாப்பிட்டால் இறந்தவர் மறு உலகத்தில் சாப்பிடுவார். அது தகப்பன் வீட்டில் சாப்பிட்ட கோப்பை. மகன் இருக்கிற நாட்டைப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவராம். அதனால் அந்தக் கோப்பையை ஒஸ்லோவில் ஒரு நல்ல மனிதனுக்குக் கொடு என்று தாய் மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறா.

"நாங்கள் அதைக் கழுவி, பலகாரம் வைச்சு, பலூனும் கீறி, செத்த மனிசனுக்கு வாழ்த்துச் சொல்லித் திருப்பிக் குடுத்திருக்கிறம்," என்றாள் ஜெசிந்தா. "தாய் ஒவ்வொரு நாளும் போனிலை கேக்கிறாவாம், அந்த மனிசன் கோப்பையிலை சாப்பிடுறானோ எண்டு. இந்தாள் ஓம், ஓம் எண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்ப அவ வீடியோவிலை பாக்கோணுமெண்டு நிக்கிறாவாம். அங்கை தன்ரை மனிசனுக்குச் சாப்பிடக் கோப்பை இல்லை எண்டு தெரிஞ்சால் அந்த மனிசி தாங்குமோ?"

அனிற்றா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா போய்த் திரும்பக் கேளுங்கோவன்," என்றாள்.

ஜெசிந்தா உடனே தயங்கினாள். "கேக்கத்தான் வேணும். எண்டாலும்... செத்த மனிசன்ரை கோப்பையை வீட்டை வைச்சிருக்கிறதோ?"

"அம்மா, வாற கிழமை ஆத்துமாக்கள் திருநாளுக்கு நீங்கள் சேமக்காலைக் கல்லறையளுக்கு மெழுகுதிரி கொண்டு போகப் போறியள். இது அதே விஷயம் தானே, helt likt," என்றாள் மகள். எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிட்டாள்.

5

நான் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். தருவதை வாங்குவேன், தராவிட்டால் வந்துவிடுவேன். தந்ததைத் திருப்பிக் கொடுத்தவன், அதை மறுபடி தா என்று கேட்கிறதென்றால் எப்படி? எங்கள் கதவுக்கும் அவர் கதவுக்கும் இடையில் ஒரு கால்மிதிதான் இருக்கிறது. அன்று அது எனக்கு எங்கள் ஊர் பேசாலையிலிருந்து தலைமன்னார் மட்டும் நடக்கிற தூரமாக இருந்தது.

தட்டினேன். அவர் வந்தார்.

"டுமித்ரு, நான் ஒண்டு கேக்க வந்தனான். என்ரை கோப்பையைத் தாங்கோ."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியாது. எங்கடை ஊரிலை கோப்பையை வெறுமையாய்க் குடுக்கமாட்டம். அதுதான் நிரப்பித் தந்தனான். வேண்டாமெண்டு தள்ளிவிடேல்லை. அப்பா செத்ததும் எனக்குத் தெரியாது."

"நான் சொல்லேல்லை," என்றார் அவர். "வாசலிலை நிண்டு சொல்ல வாய் வரேல்லை. சொன்னால் அழுதிடுவன் எண்டு பயம். எங்கடை ஊரிலை சொல்லவே தேவையில்லை, மெழுகுதிரியைக் கண்டால் எல்லாருக்கும் விளங்கும்."

"எங்களுக்கு பேர்த்டே எண்டுதான் விளங்கினது."

அவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்தார். "பலகாரம் நல்லாயிருந்தது. அதாலை எனக்கு இன்னும் கோவம். அழுது அழுது முழுக்கச் சாப்பிட்டன்."

ஒருமுறை திரும்பி வந்ததை இரண்டாம் முறை கொடுக்கலாமா என்று அவருக்கும் தெரியவில்லை. தாயிடம் கேட்கவும் முடியாது. "இஞ்சை கேக்க ஆளில்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான் முடிவெடுக்கோணும்," என்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். பிறகு உள்ளே போய்க் கோப்பையை எடுத்து வந்தார். மரியானா அதில் ஒரு துண்டு பாண் வைத்து, மெழுகுதிரி கொளுத்திக் கொடுத்தாள். இந்தக் கட்டடத்தில் நடைபாதையில் நெருப்புக் கொளுத்தக் கூடாது. எச்சரிக்கைக் கருவி எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. மரியானா அதைப் பார்த்துக்கொண்டே கையால் புகையை விசிறினாள்.

"நன்றி சொல்லக் கூடாது," என்றார் டுமித்ரு. "போக்தாப்ரோஸ்தே எண்டு சொல்லோணும். செத்தவரைக் கடவுள் மன்னிப்பாராக எண்டு அர்த்தம்."

எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிப் பழகிய நாடு இது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் நன்றி, சாப்பிட்டு எழும்பினாலும் நன்றி, நேற்றுச் சந்தித்ததற்கு இன்று நன்றி. வாயில் வந்த நன்றியை விழுங்கிவிட்டு, அந்தச் சொல்லைச் சொன்னேன். இரண்டாம் தரம்தான் சரியாக வந்தது. டுமித்ரு கோப்பையிலிருந்து கையை எடுத்தார்.

6

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வந்து, டுமித்ருவை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். சோறு, மீன் குழம்பு, கீரை. எனக்கு அந்தக் கோப்பையில் ஜெசிந்தா தன் கையாலேயே போட்டாள். டுமித்ரு போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஊருக்கு எடுத்தார்.

கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு அம்மா திரையில் வந்தா. முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது. மகன் ஏதோ சொல்ல, போனைத் தள்ளிப் பிடித்தா. அவவுக்கு டுமித்ரு இன்னும் செல்லமாக "மித்தீக்கா"தான். நான் தலைகுனிந்து வணக்கம் சொன்னேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சாப்பிடத் தொடங்கினேன். ஒருவர் உற்றுப் பார்க்க மீன் முள் எடுப்பது மிகவும் கஷ்டம்.

"கையாலை சாப்பிடுறாரோ எண்டு கேக்கிறா," என்றார் டுமித்ரு.

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

"அது என்ன எண்டு கேக்கிறா."

"மீன்."

அம்மா ஏதோ நீளமாகச் சொன்னா. டுமித்ரு செம்பில் சாய்ந்திருந்த போனை நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அப்பாவுக்கும் மீன்தானாம் விருப்பம். நான் காசு அனுப்பிற காலத்திலையும் அவர் ஆத்திலைதான் பிடிச்சுக்கொண்டு வருவாராம்."

அம்மா தன் போனை இன்னும் கிட்டப் பிடித்தா. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தா. முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணைத் துடைத்து, மகனை ஏதோ ஏசினா. மெலிந்து போனாய் என்று ஏசினாவாம். டுமித்ருவின் தோள் இறங்கி இளகியதை நான் கண்டேன். அவர் தன் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்.

போனை வைக்கப்போகும்போது அம்மா ஒரு கேள்வி கேட்டா.

"உங்கடை அப்பா இருக்கிறாரோ எண்டு கேக்கிறா."

"இல்லை."

"பேர் என்னவாம்?"

"சந்தியாப்பிள்ளை."

டுமித்ரு தாய்க்குச் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது உங்கடை பேரெல்லோ? கதவிலை அதுதானே கிடக்கு."

அப்போதுதான் அவருக்கு விளக்கினேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இந்த நாட்டுக்கு வந்தபோது பத்திரங்களில் அந்த இடத்துக்கு அப்பாவின் பெயரை எழுதினார்கள். ஊரில் அப்பாவை யாரும் எங்கள் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே மருத்துவரிடம் போனாலும் வரி அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லி அழைக்கிறார்கள். இந்த நாட்டின் வடக்கே அகதி முகாமில் இருந்தபோது, அப்பா போன செய்தி அடக்கம் முடிந்து பல நாளுக்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அடுத்த நாள் ஒரு பொலிஸ்காரி நேர்காணலுக்காகக் கதவருகே வந்து "சந்தியாப்பிள்ளை" என்று அழைத்தாள். நான் எழுந்து போனேன்.

டுமித்ரு இதை எல்லாம் தாய்க்குச் சொன்னார். அவ கேட்டுவிட்டு, அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லும்படி என்னைக் கேட்டா. நான் சொல்லச் சொல்ல, உதட்டை அசைத்துப் பழகினா. கடைசி எழுத்தில் ஒவ்வொரு முறையும் இடறினா, விடவில்லை.

"ஞானஸ்நானம் பெற்றவரோ?" என்று கேட்டா.

"ஓம்."

"அப்ப காணுமாம்," என்றார் டுமித்ரு. "மிச்சத்தைத் தான் குருவானவரோடை கதைக்கிறாவாம்."

7

போன சனிக்கிழமை டுமித்ரு வந்தார். இப்போது தட்டிவிட்டு நேரே உள்ளே வருகிறார். அவருடைய ஊர்க் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மன்றாடும்போது, தாய் பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கொண்டு அதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தா.

குசினி மேசையில் போனை வைத்து அந்தப் பதிவைப் போட்டார். குருவானவர் மூச்சு விடாமல் இராகத்தோடு பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார். மரியா, இயோன், எலேனா, டுமித்ரு, கியோர்கே, மறுபடியும் டுமித்ரு. "இது அப்பப்பா," என்றார் எங்கள் டுமித்ரு. பிறகு அந்தக் குரல் நின்றது. தொண்டையைச் செருமினது. எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி, சான்-தி-யா-பி-லாய் என்றது. உடனே பழைய வேகத்தில், டுமித்ரு. "இது அப்பா."

அனிற்றா வெளியில் போக வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றவள். ஒரு சப்பாத்தோடு குசினிக்குள் வந்தாள்.

"ஏய், அது என்ரை பேரெல்லோ!"

"அப்பப்பான்ரை பேர்," என்றேன்.

"தெரியும் அப்பா. ஆனா இப்பிடி ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. பாட்டு மாதிரி." அவள் கதிரையை இழுத்து டுமித்ருவுக்குப் பக்கத்தில் இருந்தாள். "இன்னொருக்காப் போடுங்கோ."

அவர் போட்டார். ஜெசிந்தா அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். கடலை விட்டால் வேறெதுவும் அறியாத என் அப்பா, தான் கேள்விப்பட்டே இராத ஒரு நாட்டுக் கோயிலில், இரண்டு டுமித்ருகளுக்கு நடுவில் இருந்தார்.